குவாங்சோவில் முதல் நாள்: கொடிக்குப் பின்னால் நடந்தவன் குறிப்புகள்

வாசகர் ஒருவர் · மார்ச் 24, காலை 8.05

சீனாவுக்குக் குழுவாகப் போகிறவர்கள் முதல் நாளில் பஸ் சன்னலையும் வழிகாட்டியின் கொடியையும் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்பது என் கட்சி. அதிலும் குவாங்சோ சரக்கெடுக்கப் போகிறவர்களின் ஊர். சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

மார்ச் 24, இரவு 10.40 (குவாங்சோ நேரம்)

இன்றுதான் எனக்கு இங்கே முதல் நாள். ஓட்டல் அறையில் வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சன்னலும் கொடியும்தான் என்பதை மறுக்கிறேன். சரக்கெடுக்கும் ஊர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது குறையா? 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் சீனாவில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறைமுகம் இது. சரக்கெடுக்க வந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஊர்.

நாங்கள் திருச்சியிலிருந்து 24 பேர். கோலாலம்பூர் வழியாக வந்தோம். கோலாலம்பூரும் குவாங்சோவும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை அங்கேயே இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாயிற்று. உடம்புக்கு அது புரியவில்லை. காலை ஏழுக்கு எழுப்பியபோது உள்ளுக்குள் நாலரை.

இன்றைய கணக்கு: காலையில் தேநீர்க் கடை, பிறகு சென் குலத்தாரின் மூதாதையர் மண்டபம், மதியம் இந்திய உணவகம் (இதைப் பற்றித் தனியாகத் திட்டுவேன்), ஷாங்சியாஜியு கடைவீதி, ஷாமியான் தீவு, இரவில் முத்து நதியில் படகு. எல்லாம் நன்றாகவே போயிருக்கும். கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர், வயது அறுபத்தெட்டு, கடைவீதியில் குழுவை விட்டு விலகிப் போய்விட்டார். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. ஷாமியானில் நடக்க வைத்திருந்த நேரத்தில் பாதி போயிற்று. குழுவில் வருகிறவர்களுக்கு என் அறிவுரை: வயதானவர்களை முதல் நாள் மதியம் ஓட்டலில் ஓய்வெடுக்கச் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 24, இரவு 11.25

ஒரு மணி நேரம் இல்லை. நாற்பது நிமிடம். பஸ்ஸில் இருந்த ஆசிரியை அக்கா கணக்கு வைத்திருக்கிறார்.

மார்ச் 25, காலை 6.10

தூக்கம் வரவில்லை. தேநீர்க் கடையைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

இங்கே இதற்கு ‘யம் சா’ என்று பெயர். தேநீர் குடிப்பது என்றுதான் பொருள், ஆனால் நடப்பது பலகாரம் தின்பது. பெரிய கூடம், வட்ட மேசைகள், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு கெண்டித் தேநீரும் செய்தித்தாளுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. நம் குழு மேலாளர் ஐம்பது நிமிடம் என்றார். பக்கத்து மேசைக் கிழவர் அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரே ஒரு மூங்கில் கூடையைத்தான் காலி செய்தார்.

முதலில் வருவது தேநீர் அல்ல, ஒரு கண்ணாடிக் கிண்ணம். கோப்பை, கரண்டி, சாப்பிடும் குச்சி எல்லாவற்றையும் சூடான தேநீரால் நாமே அலம்பி அந்தக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். எங்களில் ஒருவர் அந்தக் கழுவுநீரை ரசம் என்று நினைத்துக் கரண்டியை விட்டுவிட்டார். வழிகாட்டிப் பெண் பாய்ந்து வந்து தடுத்தார்.

யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் இரண்டு தட்டு தட்டினால் நன்றி சொன்னதாக ஆகும். பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. மாறுவேடத்தில் வந்த சியென்லோங் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடுமே என்று அவன் விரல்களை மண்டியிட வைத்தானாம். கதைதான். ஆனால் கெண்டி காலியானால் மூடியைச் சாய்த்து வைப்பது கதை இல்லை, நான் செய்து பார்த்தேன். கேட்காமலே வெந்நீர் வந்தது.

சைவர்கள் கவனிக்க: முள்ளங்கிப் பலகாரம் ஒன்று பார்வைக்குப் பரம சாதுவாக இருக்கும். உள்ளே பன்றி இறைச்சித் துணுக்குகள் கிடக்கும். ‘சியுங் ஃபன்’ என்று அரிசிமாவை மெல்லிய தாளாக ஆவியில் வேக வைத்துச் சுருட்டிக் கொடுப்பார்கள். உள்ளே ஒன்றும் வைக்காத வகையைக் கேட்டு வாங்கினால் சோயாக் குழம்பும் எள்ளும் மட்டும்தான். இடியாப்ப மாவில் தோசை வார்த்து, அது முறுகுவதற்குள் சுருட்டிவிட்டதுபோல. நான் மூன்று தட்டு.

மார்ச் 25, காலை 6.40

ஒன்று விட்டுப்போயிற்று. பலகாரப் பட்டியலில் ஆங்கிலத்தில் கஞ்சி என்று நம் சொல்லையே போட்டிருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல், சுற்றிக்கொண்டு இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் ‘ஜூக்’ என்கிறார்கள். பதிலுக்கு நாம் வாங்கியது தேநீர்: ‘தே’ ஃபூஜியன் மாநிலத்துக் கரையோரப் பேச்சு, ‘சா’ இந்த ஊர்ப் பேச்சு. நாகர்கோவில் பக்கத்துச் சாயா எந்தக் கிளை என்று சொல்ல வேண்டியதில்லை. கஞ்சியைக் கொடுத்துத் தேநீரை வாங்கியிருக்கிறோம். நல்ல வியாபாரம்தான்.

மார்ச் 25, இரவு 9.50

நிறையப் பேர் திட்டியிருக்கிறீர்கள். வயதானவர்களை ஓட்டலில் விடச் சொன்னது தவறு என்கிறீர்கள். சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். மேலும் ஒன்று: அந்தப் பெரியவர் தனியாகப் போகவில்லை. கூட ஒருவர் இருந்தார்.

பணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. இங்கே எல்லாமே கைப்பேசியில்தான். பூக்காரம்மா கழுத்தில்கூட அலிபே, வீசாட் என்ற பணச் செயலிகளின் க்யூஆர் கட்டங்கள் தொங்குகின்றன. நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபேயில் சேர்க்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்கு அவர்கள் கூடுதல் கட்டணம் எடுப்பதில்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். நான் வைக்கவில்லை. முதல் கட்டணமே தோற்றது. கடவு எண் வந்து விழும் சிம்மோ ஓட்டல் பெட்டியில் கிடந்தது.

ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கடையில் சில்லறை இருக்க வேண்டுமே. எட்டு யுவான் பண்டத்துக்கு நான் நீட்டிய நூறு யுவான் தாளை அந்தப் பெண் ஏதோ பழைய நாணயத்தைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து மூன்று கடைகளுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். நான் அவர் கடைக்குக் காவல் நின்றேன். இரண்டு பேர் வந்து என்னிடம் விலை கேட்டார்கள்.

மார்ச் 26, மதியம் 1.15

மதிய உணவைத் திட்டுவதாகச் சொன்னேன் அல்லவா. அரிசியும் கீரையும் டோஃபுவும் ஆவியில் வெந்த பலகாரமும் தெருத்தெருவாகக் கிடைக்கிற ஊரில், முதல் நாள் மதியமே எங்களை பனீர் பட்டர் மசாலாவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நம் ஊரிலேயே அதைச் சாப்பிடாத ஆட்கள் நாங்கள். குழுவில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டுச் சாப்பிட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. வறுத்த வாத்துகளைக் கழுத்தோடு தொங்கவிட்ட கடைகளைக் காலையிலிருந்து கடந்து வந்தவர் அவர்.

இரண்டாவது நாளிலிருந்து நான் ‘வோ ச்சீ சூ’ என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நான் சைவம் என்று பொருள். மூன்றாவது முறை சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

மார்ச் 26, இரவு 10.05

சென் குல மண்டபத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

1894இல் கட்டி முடித்தது. குவாங்டோங் மாநிலம் முழுக்கப் பரவியிருந்த சென் குலத்தார் பணம் போட்டு எழுப்பினார்கள். மூதாதையரை வணங்க ஓரிடம், அரசுத் தேர்வு எழுத நகரத்துக்கு வரும் குலத்துப் பையன்கள் தங்க ஓரிடம். நகரத்தார் காசியில் சத்திரம் கட்டியதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பாவம், கட்டி முடித்துப் பதினொரே ஆண்டில், 1905இல், அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது நாட்டார் கலை அருங்காட்சியகம்.

பார்க்க வேண்டியது கூரை. அண்ணாந்தால் முகடு முழுக்கச் சுட்ட மண் பொம்மைகள்: நாடகக் காட்சிகள், போர்வீரர்கள், மாடங்கள், மாடத்துக்குள் எட்டிப் பார்க்கும் பெண்கள். கோபுரம் பார்த்துப் பழகிய ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு, “நம்முடையது மேலே போகிறது, இவர்களுடையது நீளத்தில் போகிறது” என்றார். அதைவிட நன்றாக வழிகாட்டியும் சொல்லவில்லை.

எனக்கு மனத்தில் நிற்பது மண்டபத்துக்கு வெளியே பார்த்தது. சாலையோரம் இலவமரம், ஓர் இலைகூட இல்லாமல் கிளை முழுக்கச் சிவப்பு. இந்த நகரத்தின் மலரே இலவம்பூதான். பூ உதிர்வதில்லை, விழுகிறது. தொப்பென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் கனம். மரத்தடியில் இரண்டு பாட்டிகள் பிளாஸ்டிக் பையோடு நின்றார்கள். ஒன்று விழும், ஒருத்தி குனிந்து எடுப்பாள், காம்பைத் திருகி எறிவாள், பையில் போடுவாள். அடுத்தது விழும். காய வைத்துக் கசாயத்துக்கும் சூப்புக்கும் போடுவார்களாம். இலவு காத்த கிளியைப் பற்றிப் பள்ளியில் படித்த எங்கள் கூட்டம் மொத்தமும் அந்தப் பாட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. காய்க்காகக் காத்த கிளிதான் ஏமாந்தது, பூவுக்குக் காத்தவர்கள் வீட்டுக்கு ஒரு பை நிறைய எடுத்துப் போகிறார்கள்.

மார்ச் 26, இரவு 10.30

கசாயம் என்றதும் இன்னொன்று. ‘லியுங் சா’ என்று மூலிகைத் தேநீர்க் கடைகள் இங்கே மூலைக்கு மூலை. இருபத்துநான்கு சுவை என்று ஒரு வகை இருக்கிறது. அழகான பெயராயிற்றே என்று வாங்காதீர்கள். நிலவேம்பைச் சுண்டக் காய்ச்சி அதில் இன்னும் கொஞ்சம் நிலவேம்பைப் போட்டதுபோல இருக்கும். இருபத்துநான்கில் எனக்குத் தட்டுப்பட்டது ஒன்றுதான்.

மார்ச் 27, காலை 7.00

போதிதர்மரைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

ஷாங்சியாஜியு கடைவீதிக்குப் பின்னால், பச்சை மாணிக்கக் கடைகளுக்கு நடுவே ஹுவாலின் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து கப்பலேறிய போதிதர்மர் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையிறங்கியது அங்கேதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இப்போது ஆறு தள்ளிப் போய்விட்டது. ‘மேற்கிலிருந்து வந்தவர் முதலில் மிதித்த மண்’ என்று அந்த இடத்துக்கே பெயர். வளையல் பேரம் பேசும் சந்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே ஐந்நூறு அருகர் மண்டபம். (அருகர் என்றால் நம் சமணத்து அருகர் இல்லை, புத்தரின் சீடர் நிலையில் உள்ளவர்கள்.) பொன் பூசிய ஐந்நூறு உருவங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒருவர் காதைக் குடைகிறார், ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். தொப்பியும் சுருள் தாடியுமாக இருக்கும் ஒருவரை மார்க்கோ போலோ என்கிறார்கள். இவை பழைய உருவங்கள் அல்ல. பழையவை கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அழிந்தன, பிறகு மீண்டும் செய்து வைத்தார்கள்.

மார்ச் 27, மாலை 6.20

திருத்தம். காஞ்சிபுரம் என்று அடித்துச் சொன்னதற்கு ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் லுவோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சி, போதிதர்மரைப் பாரசீகத்தவர் என்கிறார். தன்லின் என்ற துறவியின் குறிப்பில் அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன். காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்தவை. எங்கள் வழிகாட்டி ‘இந்தியத் துறவி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நாங்கள்தான் “காஞ்சிபுரம், காஞ்சிபுரம்” என்று பஸ்ஸை இரண்டாக்கினோம்.

மார்ச் 27, இரவு 9.15

வழி தவறுவதைப் பற்றி. நம் ஊரில் பயன்படுத்தும் கூகுள் வரைபடத்தை இங்கே நம்பாதீர்கள். வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் அது திறக்கும், அதுதான் ஆபத்து. சீனாவில் வரைபடங்களைச் சட்டப்படி, இடத்தைக் குறிக்கும் வேறொரு ஆயக் கணக்கில்தான் வெளியிட வேண்டும். செயற்கைக்கோள் சொல்லும் இடமும் வரைபடத்தில் உள்ள தெருவும் பொருந்துவதில்லை, சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். நீலப் புள்ளி பள்ளிக்கூடத்து மாடியில் நிற்கும்போது நீங்கள் உண்மையில் மீன் கடைக்கு முன்னால் நிற்பீர்கள். உள்ளூர்ச் செயலியான ஏமேப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் வருகிறது. அல்லது ஆப்பிள் கைப்பேசியின் சொந்த வரைபடம்.

முதல் நாள் தாமதத்துக்கு இந்த நீலப் புள்ளிதான் காரணம். பெரியவர் இல்லை.

மார்ச் 28, காலை 6.30

நேற்றிரவு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “முதல் நாள் பட்டியலில் ஹுவாலின் கோயில் இல்லையே. அன்று பெரியவரோடு கூட ஒருவர் இருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோயிலுக்கு நீங்கள் எப்போது போனீர்கள்?”

பிடித்துவிட்டீர்கள்.

அந்த ஒருவர் நான்தான். நடந்ததை எழுதுகிறேன். கடைவீதியில் இறக்கிவிட்டு மூன்று மணிக்கு பஸ்ஸுக்கு வரச் சொன்னார்கள். பெரியவர் ஒரு பலகையில் உட்காரப் போனார். போதிதர்மர் கோயில் பின்னால்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தனியாகப் போகத் தயக்கம். “ஐயா, இதோ இரண்டு நிமிட நடை, வாருங்கள்” என்று நான்தான் கூப்பிட்டேன். “தம்பி, நேரமாகிவிடாதே?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். நான் நீலப் புள்ளியைக் காட்டினேன்.

போக இருபது நிமிடம் ஆயிற்று. பாதையின் மேலேயே மின்சார ஸ்கூட்டர்கள். பெட்ரோல் மோட்டார் சைக்கிளை 2007இலேயே நகரத்துக்குள் தடை செய்துவிட்டார்கள், இவை சத்தமே இல்லாமல் பின்னால் வந்து முழங்கையை உரசிக்கொண்டு போகின்றன. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். குழு மேலாளர் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் நான் சொன்னது ஐந்து நிமிடம்.

திரும்பி ஓடி வந்து பஸ் ஏறியபோது எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் படியில் நின்றபடியே, “மன்னிக்க வேண்டும், வயதாகிவிட்டது, வழி மறந்துவிட்டது, இந்தத் தம்பிதான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்” என்றார். பின்னிருக்கையில் யாரோ எனக்குக் கைதட்டினார்கள். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றிரவு இங்கே எழுதியதும் அந்தக் கைதட்டலின் தொடர்ச்சிதான்.

மார்ச் 28, இரவு 11.10

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். பதில் இல்லை. குழுவில் காலை உணவின்போது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். மேலாளர், “அன்றைக்கே தெரியும், அவரிடம் வரைபடம் வைத்த போன் கிடையாது, அவர் எப்படி அங்கே போவார்?” என்றார். ஆசிரியை அக்கா என் தட்டில் ஒரு வெண்ரொட்டியை வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். பெரியவர், “இதையெல்லாம் எதற்குத் தம்பி சாப்பிடும் நேரத்தில்” என்றார்.

மார்ச் 30, இரவு 8.40

நேற்று குவாங்சியாவ் கோயிலுக்குப் போனோம். காற்றா அசைகிறது, கொடியா அசைகிறது என்று இரண்டு துறவிகள் வாதாடியதாகவும், இரண்டும் இல்லை, உங்கள் மனம்தான் அசைகிறது என்று ஹுயினெங் சொன்னதாகவும் கதை உண்டே, அது நடந்ததாகச் சொல்லும் இடம் இதுதான். போதிதர்மர் வழியில் ஆறாவது குரு அவர். 676இல் இங்கேதான் தலை மழித்துத் துறவு பூண்டார். மழித்த முடியைப் புதைத்த இடத்தில் ஒரு சிறிய தூபி நிற்கிறது.

கோயிலில் வழிகாட்டி இந்தக் கதையைத் தொடங்கியதுமே எங்கள் குழு மொத்தமும் சிரித்தது. எனக்கு மட்டும் புரியவில்லை. முதல் நாள் பஸ் நின்ற நாற்பது நிமிடத்தில் அவர்களுக்குப் பொழுது போவதற்காக வழிகாட்டி இதைச் சொல்லியிருக்கிறார், கையில் தன் மஞ்சள் கொடியை ஆட்டி ஆட்டி. “காற்று அசையவில்லை, கொடி அசையவில்லை, பஸ்ஸும் அசையவில்லை. இரண்டு பேர் மட்டும் எங்கேயோ அசைந்துகொண்டிருக்கிறார்கள்” என்று முடித்தாராம். ஆக, முதலில் கேள்வி கேட்ட நண்பரே, கொடியை மட்டும் பார்த்தவர்கள் ஒன்றும் இழக்கவில்லை. உங்களை மறுக்கத்தான் தொடங்கினேன், உங்கள் பக்கம் சாய்கிறேனோ என்று இப்போது சந்தேகம்.

ஏப்ரல் 2, மாலை 5.30 (திருச்சி)

வீடு வந்து சேர்ந்தாயிற்று.

முதல் நாளில் பாக்கி இருப்பது ஷாமியானும் படகும். ஷாமியான் சின்ன மணல் திட்டு. இரண்டாம் அபினிப் போருக்குப் பின் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஐந்தில் நான்கு, ஐந்தில் ஒன்று என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆலமரங்கள், பழைய வங்கிக் கட்டடங்கள், திருமண உடையில் படமெடுத்துக்கொள்ளும் ஜோடிகள். பாண்டிச்சேரி வெள்ளைத் தெருவில் நடந்தவர்களுக்கு மூச்சு முட்டும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாதி நேரத்தை நான் தின்றதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேனோ என்னவோ.

படகு: கான்டன் கோபுரம் 600 மீட்டர், நடுவில் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் ஊரார் ‘ஒல்லி இடுப்பு’ என்று கூப்பிடுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறுகிறது. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கியபடி நின்றதால் நான் பார்த்தது பெரும்பாலும் சின்னச் சின்னத் திரைகளில் சின்னச் சின்னக் கோபுரங்கள். பெரியவர் கீழ்த்தளத்தில் சன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 3, காலை 9.00

மெட்ரோவைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: கட்டணம் 2 யுவானில் தொடங்கும், நுழையும்போது ஒவ்வொரு முறையும் பையைச் சோதனைப் பெட்டியில் போட வேண்டும், சென் குல மண்டபம், ஷாங்சியாஜியு, ஷாமியான் மூன்றும் முதல் வழித்தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். அன்று பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு நாங்கள் சாங்ஷோ லூ நிலையத்தில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கியிருந்தால் யாரும் காத்திருந்திருக்க வேண்டாம். இது தெரிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

ஏப்ரல் 7, இரவு 9.30

பெரியவர் அழைத்தார். இந்தக் குறிப்புகளை அவர் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

கோயிலில் நாங்கள் ஏன் அவ்வளவு நேரம் இருந்தோம் என்று நான் இங்கே எழுதவில்லை. அருகர் மண்டபத்தில் ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்து ஒரு வழக்கத்தைக் காட்டிக்கொடுத்தாள். பிடித்த உருவம் ஒன்றிலிருந்து தொடங்கி, நம் வயது எத்தனையோ அத்தனை உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் போக வேண்டும். கடைசியில் எந்த உருவத்தில் வந்து நிற்கிறோமோ அவர்தான் நமக்கு உரியவர். மொழி தெரியாது, எல்லாம் விரல் கணக்கு. பெரியவர் காதைக் குடைகிறவரிடம் தொடங்கினார். முகம் முகமாகப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டு, அறுபத்தெட்டு. நான் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அந்தப் பாட்டி ஏதோ சொல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இன்னும் ஒரு விரலைக் காட்டினாள். காசு கேட்கிறாள் என்று நினைத்து, ஒரு யுவானை அவள் கையில் வைத்துவிட்டு நான் அவரை வெளியே இழுத்து வந்தேன்.

பேத்தி ஏதோ தேடிப் படித்திருக்கிறாள். அங்கே பழைய கணக்குப்படி குழந்தை பிறந்த அன்றே அதற்கு ஒரு வயது. நம் அறுபத்தெட்டு அவர்களுக்கு அறுபத்தொன்பது.

“அந்தம்மா காட்டிய விரல் அதற்குத்தான் தம்பி” என்றார். “ஒன்று பாக்கி. நீங்கள் அங்கே படம் எடுத்தீர்களே, எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் எப்படி இருந்தார் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.”

பார்த்தேன். பெரியவர் நிற்கிறார், அறுபத்தெட்டாமவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவர் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறார். ஒரு முழங்காலும் அதன் மேல் ஒரு கையும்தான் தெரிகின்றன. கையை மூடியிருக்கிறார்.

அடுத்த மாதம் குவாங்சோ போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். காதைக் குடைகிறவரிடமிருந்து எண்ண வேண்டும், பெரியவர் போனது வலப்பக்கமாக.

ஏப்ரல் 7, இரவு 9.50

இல்லை, இடப்பக்கமாக. படத்தை மறுபடியும் பார்த்தேன்.